மொறிஸ் மைனர்: எஞ்சினும் வில்லமைப்பும்
– ஒரு வரலாற்று நோக்கு –

பழைய மோட்டார்க் காரொன்றின் எஞ்சினை மாற்றி வலுக்கூட்டுவதும், சில்லுகளின் மீது அதனைத் தாங்கி நிற்கும் வில்லமைப்பைத் திருத்துவதும் பட்டறைக்குரிய செய்திகளாகவே பொதுவிற் கருதப்படுகின்றன. ஆயின் தொழினுட்ப வரலாற்றை நோக்குவோர்க்கு அவை பிறிதொன்றையும் உணர்த்துகின்றன. மேம்பாடு என்பது எக்காலத்தும் எவ்விடத்தும் ஒரே பொருள் தருவதன்று. இங்கிலாந்திற் பிறந்து இலங்கை வீதிகளிலும் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் இக்கார் அறிமுகமாயிற்று. இதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், முன்சில்லுகள் ஒவ்வொன்றையும் நீண்ட முறுக்குக் கோல்களால் தனித்தனியே தாங்கச் செய்தார். அக்காலச் சிறிய கார்கள் பலவற்றிற் காணப்படாத உறுதியும் திருப்பும் எளிமையும் இதனால் வாய்த்தன. பின்புறத்திலோ வழமையான தட்டு விற்களே இருந்தன. இக்காருக்கெனத் திட்டமிடப்பட்ட புதிய எஞ்சின் கைவிடப்பட்டமையால், போருக்கு முந்திய மொறிஸ் எயிற் காரின் 918 கன சென்றிமீற்றர் எஞ்சினே பொருத்தப்பட்டது. அதன் வலு ஏறத்தாழ 27 பரிவலு மாத்திரமே. உடல் புதியதாகவும் உயிர் பழையதாகவும் இருந்தமையே இக்காரின் தொடக்க நிலை எனலாம்.

1952இல் மொறிஸ், ஒஸ்ரின் நிறுவனங்கள் இணைந்தன. அதன் பயனாக ஒஸ்ரின் ஏ-30 காரின் 803 கன சென்றிமீற்றர் எஞ்சின் மைனருக்குக் கிடைத்தது. அவ்வெஞ்சின் 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் பெருக்கப்பட்டு 48 பரிவலுவை எய்தியது. வலு முக்காற் பங்களவு கூடியபோதும் முன்புற வில்லமைப்பின் அடிப்படையை மாற்றவேண்டிய தேவை தொழிற்சாலைக்கு ஏற்படவில்லை. முன்சில்லுப் பிறேக்குகளைப் பெரிதாக்கியதே போதுமாயிற்று. 1948இன் வடிவமைப்பு தன் எஞ்சினை முந்தி நின்றமையே இதற்குக் காரணம்.

1971இல் இங்கிலாந்தில் இக்காரின் உற்பத்தி முடிவுற்றது. அதன்பின் மேம்படுத்தும் பணி உரிமையாளரிடம் வந்துசேர்ந்தது. அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 1275 கன சென்றிமீற்றர் எஞ்சினைப் பலர் பொருத்தினர். இங்கேதான் பழைய சமநிலை தலைகீழாயிற்று. வலு மிகுந்தபோது தட்டு விற்கள் முறுகிப் பின் அச்சுத் துள்ளலாயிற்று; பழைய நெம்புகோல் வகை அதிர்வு தணிப்பிகள் ஈடுகொடுக்கவில்லை. வேகம் இரு மடங்கானால் பிறேக்குகள் தணிக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் கற்றோர் அறிந்ததே. எனவே குழாய் வடிவத் தணிப்பிகளும், அச்சைப் பிணைக்கும் கோல்களும், மொறிஸ் மறீனா காரிலிருந்து பெற்ற தட்டுப் பிறேக்குகளும் வேண்டப்பட்டன. எஞ்சினை மாத்திரம் மாற்றியவர் காரை மேம்படுத்தியவரல்லர். அதன் ஆபத்தையே பெருக்கியவராவர்.

இனி, இவ்வரலாற்றின் மறுபக்கம் நோக்கற்பாலது. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சிறிதளவு பெற்றோலினால் எஞ்சினை இயக்கிச் சூடாக்கிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்தம் மிகுந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தாக்கும். பழைய எஞ்சின்களின் குறைந்த அமுக்க விகிதமே இந்த மாற்றத்தைத் தாங்கியது. புகை மிகுந்தது, எஞ்சின் தேய்ந்தது என்பன மறுக்கவியலா. எனினும் வண்டி ஓடியது.

ஓரிடத்தில் வேகத்துக்குத் தடையெனக் களையப்பட்ட குறையே பிறிதோரிடத்தில் மக்களுக்கு உதவிய நிறைவாயிற்று. இங்கிலாந்தின் பட்டறையில் மேம்பாட்டின் அளவுகோல் பரிவலுவாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் பட்டறையில் அது நின்றுவிடாதிருத்தலாக இருந்தது. இயந்திரத்தின் சிறப்பைப் பட்டியலிலுள்ள எண்களைக்கொண்டு மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. அது யாருக்கு, எந்நிலையில், எதற்காகப் பயன்பட்டது என்ற வினாவை எழுப்பும்போதே தொழினுட்பத்தின் வரலாறு மக்களின் வரலாறாகின்றது.