தேடுபெட்டிக்குப் போன பட்டறைச் சொல்

“அந்த பிராக்கெட்டுக்கு ஆள் கிடைச்சாங்களா?”

“இன்னும் இல்ல சார். பக்கத்துல விஎம்சி ஜாப் வொர்க் பண்றவங்க யாராவது இருக்காங்களான்னு பார்த்துட்டிருக்கேன்.”

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் எந்தத் தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. பொருள் என்னுடையது, மெஷின் உன்னுடையது, கூலிக்குக் கடைந்து கொடு என்ற ஏற்பாட்டுக்கு இந்தப் பக்கத்தில் ‘ஜாப் வொர்க்’ என்றுதான் பெயர். ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. வல்லம் வடகாலில் 2017இல் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியைத் தொடங்கியது. பெரிய ஆலைக்கு உதிரிபாகம் தரும் கம்பெனிகள், அந்தக் கம்பெனிகளுக்குக் கடைந்தும் துளையிட்டும் தரும் சிறு பட்டறைகள் என்று அடுக்கடுக்காக ஓடுகிறது இந்தத் தொழில். ஒவ்வொரு அடுக்கையும் அடுத்ததோடு சேர்ப்பது இந்த ஒரு சொல்.

பட்டறையின் காம்பவுண்டுச் சுவரில் அது பெயின்டில் இருக்கும். விசிட்டிங் கார்டிலும் இருக்கும். இணையதளத்துக்குப் போகும்போதுதான் தொலைந்துபோகிறது. அங்கே ‘உலகத்தரம் வாய்ந்த துல்லியப் பொறியியல் தீர்வுகள்’ என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். இரண்டு விஎம்சி மெஷினும் ஒரு லேத்தும் போட்டு இரவு பகலாக உழைக்கிற மனிதர், தன் வாயில் ஒரு நாளும் வராத வார்த்தைகளால் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். பர்ச்சேஸ்காரரும் அந்த வாசகத்தைக் கூகுளில் அடிக்கப்போவதில்லை. தேடுகிறவருக்கும் செய்கிறவருக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம். இருவரும் சந்திக்காமலே போவது எனக்கு மனம் பொறுக்காத விஷயம்.

சில தளங்களில் சொல் இருக்கும், ஆனால் பார்வைக்குத் தெரியாது. பக்கத்தின் நிரலுக்குள் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்ற வரியில் கிடக்கும். 1990களில் தேடுபொறிகள் அதைப் படித்தது உண்மை. சம்பந்தமில்லாத சொற்களை அதில் கொட்டிக் கொட்டி ஆட்கள் கெடுத்தார்கள். தரவரிசைக்கு அந்த வரியைப் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பக்கத் தலைப்பு, முதல் பத்தி, படத்துக்குக் கீழே உள்ள வரி ஆகியவையே சொல் உட்கார வேண்டிய இடங்கள். பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் கிராலர் நிரல் அங்கிருந்து அதை எடுத்துப்போய், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பெரும் அட்டவணையில் சேர்க்கிறது. இந்த யோசனை கூகுளைவிட மூத்தது. 1950களின் இறுதியில் ஐபிஎம்மில் ஹான்ஸ் பீட்டர் லூன், கட்டுரைத் தலைப்புகளின் முக்கியச் சொற்களை அக்கம்பக்கச் சொற்களோடு சேர்த்துக் கணினியால் அகரவரிசைப்படுத்தினார். 1972இல் கேம்பிரிட்ஜின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அதற்கும் மேலே போனார்: எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்கு எடை குறைவு, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு எடை அதிகம். பட்டறைக்காரர் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விதி அது. ‘தரம்’, ‘நம்பிக்கை’, ‘சேவை’ எல்லோர் பக்கத்திலும் உண்டு. ‘கியர் ஹாப்பிங்’, ‘ஹோனிங்’, ‘இஎன்24 ஷாஃப்ட்’ சிலரிடம்தான் இருக்கும். இன்றைய தேடுபொறி இன்னும் பலவற்றைக் கணக்கில் எடுக்கிறது. இருந்தாலும் செய்கிற வேலையின் பெயரே பக்கத்தில் இல்லையென்றால் தேடுபொறியால் அதிகம் உதவ முடியாது.

அடுத்து ஊர்ப்பெயர். ‘வல்லம்’ என்று மட்டும் போட்டால் தஞ்சாவூர் வல்லம் வரும், பல்லவர் குடைவரைகள் உள்ள செங்கல்பட்டு வல்லம் வரும், தென்காசி வல்லமும் வரும். ‘வடகால்’ என்பதன் ‘கா’, ஆங்கிலத்தில் ஒருவர் கையில் ‘ஜி’, இன்னொருவர் கையில் ‘கே’. இடம் வல்லம் வடகாலாகவே இருந்தாலும் பலர் ‘ஒரகடம்’ என்றுதான் தேடுவார்கள். ஆகவே முகவரியில் வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் மூன்றும் இயல்பாக வரட்டும். ஒரே வரியைப் பத்து முறை திருப்பி எழுதுவதால் பயனில்லை. கூகுள் அதைக் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும்.

மக்கள் உண்மையில் என்ன அடித்தார்கள் என்பதைக் கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகக் காட்டும். எந்தச் சொல்லுக்குப் பக்கம் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று வரிசையாக வரும். மாதம் ஒருமுறை அதைப் படிக்கும் முதலாளிக்கு, வாடிக்கையாளரின் பேச்சு அப்படியே கைக்கு வருகிறது. நிறைய பேர் கண்ணில் பட்டும் யாரும் தொடாத சொல் இருந்தால், அந்தப் பக்கத்தின் தலைப்பைத் திருத்த வேண்டும்.

தொட்டவர் போன் செய்கிறார். டிராயிங் வாட்ஸ்அப்பில் வருகிறது, ரேட் பேசுகிறார்கள். ஜிஎஸ்டி சட்டத்தில் ‘ஜாப் வொர்க்’குக்குத் தனி விளக்கமே உண்டு, அனுப்பிய மூலப்பொருள் பொதுவாக ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். பர்ச்சேஸ் பிரிவில் கிளம்பிய சொல், டெலிவரி சலானில் ‘ஃபார் ஜாப் வொர்க்’ என்று அச்சாகி, இரும்புப் பட்டைகளோடு டாடா ஏஸில் ஏறிப் பட்டறை வாசலில் இறங்குகிறது.