ஜூலை 30, 1936 - பஞ்சாலைக்குள் நின்ற தைரியம்

போன முறை கேட்டிருந்தீர்கள், நம்ம ஊர் வரலாறு பற்றி ஏதாவது எழுதக்கூடாதா என்று. இதோ.

நோணாங்குப்பத்திலிருந்து டவுனுக்குப் பஸ் ஏறினால் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டி முதலியார்பேட்டை வரும். அங்கே ஏ.எப்.டி. கேட் போட்டுவிட்டால் பஸ்ஸில் எல்லோரும் முணுமுணுப்போம். கேட்டுக்குப் பெயர் கொடுத்த அந்த ஆலையின் கதையை நான் பத்தாவது வரைக்கும் கேட்டதே இல்லை. பாடப்புத்தகத்தில் தண்டி யாத்திரை இருக்கும், நம் தெருவில் நடந்தது இருக்காது!

1930களில் புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள்: சவானா, ரோடியர், கெப்ளே. பின்னாளில் இவையே சுதேசி, ஏ.எப்.டி., பாரதி ஆனது. வேலை நேரம் பத்து மணிக்கும் மேல். சங்கம் வைக்க உரிமை கிடையாது. 1935 பிப்ரவரியில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கிட்டத்தட்ட மூன்று மாதம். கூலி இல்லாத மூன்று மாதம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அடகு வைக்கவும் ஏதும் இல்லாத வீடுகள் அவை.

அடுத்த வருடம் நடந்ததுதான் முக்கியம். 1936 மே, ஜூனில் பிரான்சிலேயே தொழிலாளர்கள் ஆலைகளை விட்டு வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். லெயோன் புளூம் அரசு இறங்கி வந்து வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்துடன் விடுமுறையும் கொடுத்தது. ஜூலையில் நம் ஆட்களும் அதே வழியில் ஆலைக்குள் உட்கார்ந்தார்கள். அதே பிரெஞ்சுக் கொடிதான் இங்கேயும் பறந்தது. ஆனால் ஜூலை 30 அன்று இங்கே வந்தது துப்பாக்கி. 12 பேர் செத்தார்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் தலைவர் வ. சுப்பையாவைப் பற்றித்தான் எழுதுவார்கள். எழுதவேண்டியதுதான். அப்போது அவருக்கு வயது 25. 1934இல் 'சுதந்திரம்' பத்திரிகையை ஆரம்பித்தவர், 1937இல் பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. பக்கத்தில் நின்றவன் சுடப்பட்டதைப் பார்த்த பிறகும் மற்றவர்கள் கோரிக்கையை விடவில்லை. அவர்கள் யாரும் பிறவி வீரர்கள் இல்லை. ஒரு மாதம் முன்பு வரை சங்கு ஊதினால் ஓடிப்போய் தறியில் நின்றவர்கள். தங்களுக்குள் இவ்வளவு உரம் இருக்கிறது என்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1937 ஏப்ரல் 6 ஆணையில் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் வந்தன. ஆசியாவிலேயே முதல் என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அது எப்படியோ, பக்கத்துக் கடலூரில் (பிரிட்டிஷ் பகுதி) அப்போது சட்டப்படி நாளுக்குப் பத்து மணி நேரம். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில்கூட உச்சவரம்பு நாளுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான். சுண்ணாம்பாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வேலைநாள் இரண்டு மணி நேரம் நீண்டுவிடும்!

இன்று அந்த மூன்று ஆலைகளும் ஓடவில்லை. ஏ.எப்.டி. 2020இல் மூடப்பட்டது. ஜூலை 30 அன்று மட்டும் கடலூர் சாலையில் தியாகிகள் நினைவிடத்தில் மாலை போடுவார்கள். அன்றைக்கு பஸ் கொஞ்சம் மெதுவாகப் போகும்.