சோக்: கையிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போன கதை

"சோக்கை இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணு!" பழைய கார் ஓட்டியவர்கள் எல்லோரும் கேட்ட வாக்கியம் இது. இன்றைய கார்களில் அந்தக் குமிழே இல்லை. அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

1893-ல் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா இருவரும் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரை உருவாக்கினார்கள். சூடான இன்ஜினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று (எடைக் கணக்கில்) போதும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கூடுதல் பெட்ரோல் வேண்டும். காற்று நுழையும் வாயை ஒரு தகட்டால் மூடினால், இன்ஜினின் உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் மீது விழும். இதுதான் சோக்.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில், கிராங்க் சுற்றுபவர் முன்னால் நின்றபடியே இழுக்க ரேடியேட்டர் அருகே சோக் கம்பி இருந்தது. பிறகு குமிழ் டாஷ்போர்டுக்கு வந்தது. ஆனால் மனிதனுக்கு மறதி உண்டே! சோக்கைத் தள்ளாமல் ஓட்டினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். பிளக் கறுக்கும், பிஸ்டன் ரிங் தேயும்.

இந்த மறதிக்கு மருந்தாக 1932-ல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் தானியங்கி சோக் வந்தது. இரட்டை உலோகச் சுருள் குளிரில் தகட்டை மூடும், சூட்டில் திறக்கும். இதைச் சோதிப்பது எளிது. இன்ஜின் ஆறியபின், அதை ஓடவிடாமல், ஏர் ஃபில்டரைக் கழற்றி ஆக்சிலரேட்டரை ஒருமுறை மிதித்தால் தகடு மூட வேண்டும். இன்ஜின் ஓடிச் சூடானதும் அது நிமிர்ந்து நிற்க வேண்டும். இல்லையென்றால், பெரும்பாலான மாடல்களில் சுருள் மூடியின் திருகுகளைத் தளர்த்தி, ஒரு கோடு மட்டும் நகர்த்திப் பார்ப்பார்கள்.

சோக்கை முடித்து வைத்தது புகைதான். குளிர்ந்த இன்ஜின் கார்பன் மோனாக்சைடை அதிகம் கக்கும். 1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. 1967-லேயே ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. 1990-களில் அமெரிக்க, ஐரோப்பியப் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் மறைந்தது. இந்தியாவில் 2000-ஐ ஒட்டி மாருதி 800-ம் இன்ஜெக்ஷனுக்கு மாறியது.

குமிழ் போய்விட்டது, தேவை போகவில்லை. குளிர்ந்த இன்ஜினுக்கு இன்றும் கூடுதல் பெட்ரோல் வேண்டும். வெப்பத்தை அளந்து அதைக் கொடுப்பது கம்ப்யூட்டர். அதற்கு மட்டும் மறதி இல்லை!