கல்லீரல் அழற்சி வைரஸ் ஆய்வு, புனே

மகாராஷ்டிரத்தின் புனே நகரிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த மருத்துவ ஆய்வுத்துறை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் வைரஸ்கள் ஐந்து. பி, சி, டி ஆகியவை உடலில் நாட்பட்டுத் தங்கக்கூடியவை, ஏ தங்குவதில்லை, ஈ அரிதாகவே தங்கும்.

அழற்சியின் இயல்பு

பி வைரஸ் கல்லீரல் செல்களைப் பெரும்பாலும் தானே கொல்வதில்லை. தொற்றிய செல்களைத் தேடி அழிக்கும், எதிர்ப்பாற்றல் அமைப்பின் டி (T) செல்களின் தாக்குதலே அழற்சியாகிறது. தாக்குதல் வலுத்தால் வைரஸ் ஒடுங்கும். இல்லையேல் டி செல்கள் சோர்ந்துவிடும். அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து நார்த்திசு படிந்து, ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் நேரலாம். பிறக்கும்போது தொற்று பெறும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது நாட்பட்டதாகிறது. பெரியவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

வரலாறு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் 1952இல் புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. தொடக்கத்தில் கொசுவாலும் உண்ணியாலும் பரவும் வைரஸ்களே அதன் முதன்மை அக்கறை. 1978இல் அது இன்றைய பெயரைப் பெற்றது.

இத்துறையில் மிக விரிவாகப் பதிவானது, நீரால் பரவிய காமாலையின் கதை. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டெல்லியில் சுமார் 29,300 பேர் மஞ்சள் காமாலைக்கு ஆளாயினர். யமுனை திசைமாறியதால் நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை, வஜீராபாத் குடிநீர் நிலையத்தின் நீரெடுப்பிடத்தில் கலந்திருந்தது. இது ஹெபடைட்டிஸ் ஏ என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அன்று சேகரித்த ரத்தச் சீரம் வீசியெறியப்படாமல் பேணப்பட்டதுதான் பின்னாளில் விடை தந்தது. அகமதாபாத் (1975–76), புனே (1978–79) கொள்ளைநோய்களின் சீரத்துடன் அதையும் சோதித்தபோது, நோயாளிகளிடம் புதிய ஹெபடைட்டிஸ் ஏ தொற்றின் அடையாளம் காணப்படவில்லை. புனே நிறுவனத்தின் சீனிவாசன், பிரசாத், பவ்ரி ஆகியோர் அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து இதை 1980இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டில் காஷ்மீரின் காமாலைக் கொள்ளைநோயை ஆராய்ந்த எம். எஸ். குரூவும் இம்முடிவுக்கே வந்தார். முதன்மை யாருக்கு என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. இரண்டையும் இணைச் சான்றுகளாகக் கொள்வதே பொருத்தம்.

1983இல் சோவியத் அறிவியலாளர் மிகயில் பலயான், ஏற்கெனவே ஹெபடைட்டிஸ் ஏ எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த நிலையில், இத்தகைய காமாலையின் நோய்ப்பொருளைத் தாமே உட்கொண்டு, தம் மலத்தில் புதிய வைரஸ் துகள்களைக் கண்டார். 1988இல் புனேயின் வித்யா அரண்கல்லேயும் சகாக்களும் இந்நோயுடன் தொடர்புடைய துகள்களை விவரித்தனர். 1990இல், ஹெபடைட்டிஸ் ஈ எனப்படும் இவ்வைரஸின் மரபணுத்தொகுதியில் ஒரு பகுதி பிரித்தெடுக்கப்பட்டது.

எதிர்ப்பாற்றலும் ஈ வைரஸும்

கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் ஹெபடைட்டிஸ் ஈ நோயால் ஏற்படும் மரணங்கள் மிகுதி. இயக்குநீர் மாற்றமா, எதிர்ப்பாற்றல் மாற்றமா, வைரஸின் அளவா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. இந்தியாவில் பரவலான முதல் மரபணு வகையின் தொற்று பொதுவாகத் தானே குணமாகிவிடும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துண்ணும் உறுப்புமாற்று நோயாளிகளிடம் மூன்றாம் வகை நாட்பட்டு நிற்பதை 2008இல் பிரெஞ்சு மருத்துவர்கள் அறிவித்தனர்.

அண்மைக்காலம்

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2011இல் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018இல் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி தொற்றுடன் வாழ்வோர் சுமார் 2.98 கோடி.