பொய் சொன்னா உடம்பு காட்டிக்கொடுக்குமா? (கொஞ்சம் நீளமான இழை)

1/ ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு நைட் டூட்டி. ஐம்பது வயசு மதிக்கத்தக்க கட்டடத் தொழிலாளி ஒருத்தரை கேஷுவாலிட்டிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்குது. நாக்கு குழறுது. என் கண்ணைப் பார்த்துப் பேசவே மாட்டேங்கிறார். "குடிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். "இல்ல டாக்டர்"னு தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

2/ பொய் சொல்றார்னு முடிவு பண்ணிட்டேன். ஓரமா உட்கார வெச்சுட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிட்டேன். "அவரு குடிக்கவே மாட்டாருங்க டாக்டர்"னு அவரோட மனைவி பின்னாடியே வந்து சொன்னாங்க. அதையும் காதுல வாங்கல.

3/ சீனியர் சிஸ்டர் ஒருத்தர் எதுவும் பேசாம அவர் விரல்ல குத்தி சுகர் பார்த்தாங்க. 38. டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தின சில நிமிஷத்துல மனுஷன் தெளிவா எழுந்து உட்கார்ந்துட்டார். சுகர் மாத்திரையைப் போட்டுட்டு, வேலை முடியலன்னு நாள் முழுக்க சரியா சாப்பிடாம இருந்திருக்கார். குடிக்கலன்னு அவர் சொன்னது உண்மை.

4/ பத்து நிமிஷம் தாமதம் ஆச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கலாம், கோமாவுக்கே போயிருக்கலாம். வியர்வையையும் நடுக்கத்தையும் பார்த்தா "பொய்"னு படிக்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்துச்சு? தேடிப் படிச்சப்ப தெரிஞ்சது, இதுல எங்க மருத்துவத் துறைக்கே பெரிய பங்கு இருக்கு.

5/ கி.மு. 3ஆம் நூற்றாண்டுல இருந்து தொடங்குவோம். சிரியாவை ஆண்ட செலூக்கஸ் மன்னரோட மகன் ஆன்டியோக்கஸ் காரணமே தெரியாம மெலிஞ்சுக்கிட்டே போறான். எராசிஸ்ட்ராட்டஸ்னு ஒரு கிரேக்க மருத்துவர் அவன் பக்கத்துலயே உட்கார்ந்து, அறைக்குள்ள யார் யார் வர்றாங்க, அப்போ இவன் உடம்புல என்ன மாறுதுன்னு கவனிச்சார். மன்னரோட இளம் மனைவி ஸ்ட்ராட்டோனிஸ் வந்தப்ப மட்டும் முகம் சிவக்குது, பேச்சு தடுமாறுது, வியர்க்குது, நாடி தாறுமாறா ஓடுது. நோய் என்னன்னு அவருக்குப் புரிஞ்சுடுச்சு. புளூட்டார்க் சொல்ற கதை இது.

6/ கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோம்ல கேலனும் இதையே செஞ்சார். தூக்கம் இல்லாம தவிச்ச ஒரு பெண். பைலடீஸ்ங்கிற நடனக்காரரோட பேரை யாரோ தற்செயலா சொன்னப்ப அவங்க நாடி மாறுச்சு. கேலன் அதோட நிறுத்தல. அடுத்தடுத்த நாள் வேற நடனக்காரர்களோட பேரைச் சொல்ல வெச்சுப் பார்த்தார். மாற்றம் இல்ல. திரும்ப பைலடீஸ் பேரு. நாடி மாறுச்சு. இன்னைக்கு நாம "கன்ட்ரோல்"னு சொல்றோமே, அதேதான்.

7/ இந்த ரெண்டு பேருமே நாடியைப் பார்த்து "நீ பொய்யன்"னு சொல்லல. "இந்தப் பேரைக் கேட்டா மனசுக்குள்ள ஏதோ நடக்குது" என்கிற வரைக்கும்தான் நாடி சொல்லும். அது என்னங்கிறதை நோயாளியோட கதையை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. இந்த எல்லையை நாம எப்போ தாண்டினோம்?

8/ இங்கிலாந்துல பர்ன்லிங்கிற ஆலைத்தொழில் ஊரு. அங்க குடும்ப டாக்டரா இருந்தவர் ஜேம்ஸ் மெக்கன்சி. கழுத்துச் சிரையோட துடிப்பையும் மணிக்கட்டு நாடியையும் ஒரே நேரத்துல காகிதத்துல கோடா வரையுற கருவி ஒன்னை உருவாக்கினார். பேரு பாலிகிராஃப். நோக்கம் பொய் கண்டுபிடிக்கிறது இல்ல, இதயத்துடிப்பு ஏன் சீர் இல்லாம போகுதுன்னு புரிஞ்சுக்கிறது. இன்றைய இதய மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டவர்கள்ல அவரும் ஒருத்தர்.

9/ 1915ல ஹார்வர்டுல வில்லியம் மார்ஸ்டன்னு ஒரு மாணவர். கோபம் வந்தாலோ படபடப்பு வந்தாலோ தன்னோட ரத்த அழுத்தம் ஏறுறதா மனைவி எலிசபெத் சொன்னதுதான் பொறி. பொய் சொல்றப்பவும் ஏறும்னு சொல்லி, பிபி பார்க்குற பட்டையையே பொய் கண்டுபிடிக்கிற கருவியா மாத்தினார். பின்னாடி 1941ல "வொண்டர் வுமன்" கதாபாத்திரத்தை உருவாக்கியதும் இவரே. அவ கையில மந்திரக் கயிறு ஏன் வந்துச்சுன்னு இப்போ புரியும்.

10/ 1920ல வாஷிங்டன்ல ராபர்ட் பிரவுன்னு ஒரு கறுப்பின மருத்துவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜேம்ஸ் ஃப்ரைங்கிற கறுப்பின இளைஞரைக் கைது பண்ணாங்க. முதல்ல ஒப்புக்கிட்டார், பிறகு மறுத்தார். மார்ஸ்டன் பரிசோதிச்சு, "மறுக்கிறது உண்மை"ன்னார். நீதிமன்றம் அதை ஏத்துக்கல. ஃப்ரைக்கு ஆயுள் தண்டனை. 1923ல மேல்முறையீட்டுத் தீர்ப்பு என்ன சொல்லுச்சுன்னா, துறை சார்ந்த அறிஞர்கள் மத்தியில பொதுவா ஏற்கப்பட்ட முறையா இருந்தாதான் சாட்சியமா வரலாம். அமெரிக்க நீதிமன்றங்கள்ல பல பத்தாண்டுகள் நின்ன விதி இது.

11/ ஆனா கோர்ட் கதவை மூடினா என்ன, போலீஸ் ஸ்டேஷன் கதவு திறந்திருந்துச்சே! 1921ல கலிஃபோர்னியாவோட பெர்க்லியில, உடலியல்ல பிஎச்.டி. முடிச்ச போலீஸ்காரர் ஜான் லார்சன், ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தொடர்ந்து பதிவு பண்ற கருவியைக் கொண்டுவந்தார். அவர்கிட்ட தொழில் கத்துக்கிட்ட லியோனார்ட் கீலர், தோல் வியர்வையை அளக்குறதையும் சேர்த்து, பெட்டியில தூக்கிட்டுப் போற மாதிரி ஆக்கி வித்தார்.

12/ லார்சன் என்ன ஆனார்? மருத்துவம் படிச்சு மனநல மருத்துவர் ஆனார். தன்னோட கருவியை வெச்சு மிரட்டி வாக்குமூலம் வாங்குறதைப் பார்த்து நொந்து போய், ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கின பூதத்தோட அதை ஒப்பிட்டார். கண்டுபிடிச்சவரே வாழ்நாள்ல பாதியை அதை எதிர்க்கிறதுலயே செலவழிச்சார்.

13/ ஏன் அது வேலை செய்யாது? பொய்க்குன்னு உடம்புல தனி நரம்பு கிடையாது. பயம், அவமானம், கோபம், வலி, சர்க்கரை குறையுறது எல்லாத்துக்கும் ஒரே சிம்பதெடிக் நரம்பு மண்டலம்தான், அதே அட்ரினலின்தான். படபடப்பு, வியர்வை, பிபி மாற்றம், மூச்சு மாற்றம். எங்கிட்ட வந்த அந்தத் தொழிலாளியை அன்னைக்கு பாலிகிராஃப்ல உட்கார வெச்சிருந்தா, அதுவும் என்னை மாதிரியே தப்பா சொல்லியிருக்கும்.

14/ மறுபக்கமும் உண்டு. சி.ஐ.ஏ.ல வேலை பார்த்துக்கிட்டே சோவியத்துக்கு ரகசியம் வித்தவர் ஆல்ட்ரிச் ஏம்ஸ். 1986லயும் 1991லயும் பாலிகிராஃப் சோதனையைத் தாண்டிட்டார். 1994லதான் பிடிபட்டார்.

15/ 2003ல அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம் ஒரு கணக்கு போட்டுச்சு. 10,000 ஊழியர்ல 10 பேர் ஒற்றர்கள். 10ல 8 பேரைப் பிடிக்கிற அளவுக்கு பாலிகிராஃப் சோதனையை வெச்சா, கூடவே 1,598 அப்பாவிகளும் மாட்டுவாங்க. அதாவது "பாசிட்டிவ்" வந்த 200 பேர்ல ஒருத்தர்தான் நிஜ ஒற்றர். இப்படி ஒரு ரத்தப் பரிசோதனையை எந்த டாக்டராவது எழுதிக் கொடுப்பாரா?

16/ சரி, கருவி வேண்டாம். முகத்தை வெச்சுக் கண்டுபிடிக்கலாமே? இங்கதான் பால் எக்மன் வர்றார். 1960களோட கடைசியில அவரும் வாலஸ் ஃப்ரீசனும் ஒரு மனநல நோயாளியோட பேட்டிப் படத்தை ஆராய்ஞ்சாங்க. அவங்களுக்கு வெச்ச புனைபெயர் மேரி. "இப்போ நல்லா இருக்கேன், வார இறுதிக்கு வீட்டுக்குப் போகணும்"னு டாக்டர்கிட்ட சொல்றாங்க. முகத்துல சிரிப்பு. ஆனா அவங்க மனசுல இருந்தது உயிரை மாய்ச்சுக்கிற எண்ணம்.

17/ எக்மன் அந்தப் படத்தை மெதுவா, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "எதிர்காலத்துக்கு என்ன திட்டம்?"னு டாக்டர் கேக்குறார். பதில் வர்றதுக்கு முன்னாடி, நொடியோட 12ல ஒரு பங்கு நேரம், முகத்துல கடுமையான வேதனை வந்து மறையுது. உடனே சிரிப்பு. நுண்முகபாவம்னு இன்னைக்குப் பிரபலமா இருக்கிற விஷயத்துக்கு இது முக்கியமான தொடக்கம்.

18/ 2009ல "லை டு மி"ன்னு டிவி தொடரே வந்துச்சு. அதுக்கு முன்னாடியே, 2007ல இருந்து அமெரிக்க விமான நிலையங்கள்ல பயணிகளோட நடத்தையைப் பார்த்து சந்தேகப்படுறதுக்குன்னே அதிகாரிகளை நிறுத்தினாங்க. சுமார் 90 கோடி டாலர் செலவு. 2013ல அரசோட தணிக்கை அலுவலகமே "இது வேலை செய்யுதுன்னு ஆதாரம் இல்ல, நிதியைக் குறைங்க"ன்னு சொல்லிடுச்சு.

19/ 2006ல சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ ரெண்டு பேரும் கிட்டத்தட்ட 25,000 பேரோட தீர்ப்புகளைத் திரட்டிப் பார்த்தாங்க. பொய்யா உண்மையான்னு மனுஷங்க சரியா சொன்னது சராசரியா 54 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்! போலீஸ், நீதிபதி மாதிரி அனுபவசாலிகளும் பெருசா மாறுபடல.

20/ அதே வருஷம் 58 நாடுகள்ல "பொய் சொல்றவங்களை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"னு கேட்டாங்க. அதிகம் வந்த பதில்: கண்ணைப் பார்க்க மாட்டாங்க. ஆய்வுகளோ கண்ணுக்கும் பொய்க்கும் பெருசா தொடர்பே இல்லைன்னு சொல்லுது. நம்ம ஊர்ல பெரியவங்க, டாக்டர், அதிகாரி முன்னாடி மரியாதைக்காகவே தலையைக் குனியறவங்க எத்தனை பேர்!

21/ இந்தியாவுக்கு வருவோம். நார்கோ டெஸ்ட், பாலிகிராஃப்னு டிவில அடிக்கடி கேக்குறோம். 2010 மே 5ல, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: ஒருத்தரோட சம்மதம் இல்லாம நார்கோ, பாலிகிராஃப், மூளை மேப்பிங் எதுவுமே செய்யக் கூடாது. சம்மதிச்சாலும் அந்தச் சோதனை முடிவை மட்டும் சாட்சியமா வைக்க முடியாது. அதனால "டெஸ்ட்டுக்கு மறுக்கிறான், அப்போ குற்றவாளிதான்"னு வாட்ஸ்அப்ல தீர்ப்பு எழுதாதீங்க.

22/ திரும்ப மேரி கதைக்கு வர்றேன். எல்லாரும் அந்த நுண்முகபாவத்தையே பேசுறோம். மேரியைக் காப்பாத்தினது அது இல்ல. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்களே "நான் சொன்னது பொய்"ன்னு சொல்லிட்டாங்க. அதனாலதான் பிழைச்சாங்க. பதில் தெரிஞ்ச பிறகுதான் எக்மனுக்கு அந்தப் படத்துல எங்க தேடணும்னே தெரிஞ்சது.

23/ அதனால இப்போ நான் முகத்தைப் படிக்கிறதைக் குறைச்சு, கேள்வியை மாத்திக்கிட்டேன். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"ன்னு அதட்டினா "போடுறேன் டாக்டர்"னுதான் வரும். "நிறைய பேருக்கு நடுவுல விட்டுப் போகும், உங்களுக்கு வாரத்துல எத்தனை நாள் விட்டுப் போகுது?"ன்னு கேட்டா உண்மை வரும். மனச்சோர்வுல இருக்கிறவங்ககிட்ட "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?"ன்னு நேரடியாவே கேக்குறேன். கேட்டா அந்த எண்ணத்தைத் தூண்டி விட்டுடுவோம்னு பயப்பட வேண்டாம். பல பேர் யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் காத்திருக்காங்க.

24/ அந்தத் தொழிலாளியை அன்னைக்கு ராத்திரி முழுக்க வார்டுல வெச்சுப் பார்த்துக்கிட்டோம். காலையில அவர் மனைவிகிட்ட மன்னிப்பு கேட்டேன். "நான்தான் அப்பவே சொன்னேனே டாக்டர்"னாங்க. கோபம்கூட இல்ல அந்தக் குரல்ல. இப்பவும் யாராவது கண்ணைப் பார்க்காம பேசினா, முதல்ல சுகர் பார்க்கச் சொல்றேன்.

 சுகர் மாத்திரை போடுறவங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க.