அழைப்பிதழும் அச்செழுத்தும்

நம் ஜூபிலி விழாவின் அழைப்பிதழை அச்சிட முனைந்தபோது விழாக் குழுவினரிடையே சிறு விவாதம் எழுந்தது. ஆங்கிலத்தில், சாய்ந்து வளைந்தோடும் கூட்டெழுத்தில் இருந்தால்தான் விழாவுக்கு மதிப்பு என்றனர் சிலர். நம் பாட்டிமார் வாசிக்க முடியாத அழைப்பு யாருக்கு என்று கேட்டனர் வேறு சிலர். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கையெழுத்தின் எழிலை உலோகத்தில் வார்க்கும் ஆசை பழையது. 1557-இல் பிரான்சின் லியோன் நகரில் ரொபேர் கிரான்ஜோன் என்பவர் தம் நாட்டாரின் கையெழுத்தைப் போலவே அச்செழுத்து வெட்டினார். இறகுப் பேனாவால் இங்கிலாந்தின் எழுத்தாசான்கள் வளர்த்த சாய்வெழுத்தும் பின்னர் அச்சேறியது. இன்று மண அழைப்பிதழ்களில் நாம் காணும் கூட்டெழுத்து அதன் வழிவந்ததே.

கிரான்ஜோனுக்குப் பின் இருபத்தோர் ஆண்டுகளில் நம் ஓலை எழுத்துக்கும் அப்பேறு வாய்த்தது. இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம், ஆயினும் இந்திய மொழி எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் அதுவே மூத்தது.

நம் காவிரிக் கரைக்கு அச்சுக்கலையைக் கொணர்ந்தவர்கள் தரங்கம்பாடியின் லுத்தரன் சபையார். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை பெரியனவாய் இருந்து காகிதத்தை விழுங்கவே, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

ஆயினும் எழுத்தில் ஒரு குறை நின்றது. எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது பழைய இலக்கண விதி. ஓலையில் எழுதுவோர் அதை விட்டுவிடுவர். ஆகவே 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றுபோலவே தோன்றும். கொள்ளிடத்தின் வடபால் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவரே நெடிலுக்குக் காலும் சுழியும் தந்து இக்குழப்பத்தைத் தீர்த்தார் என்பர். இன்று நம் பிள்ளைகள் எழுதும் 'ஏ', 'ஓ' அவர் வழங்கிய கொடை.

லுத்தரன் சபையாரோடு எழுத்தால் கடுமையாக வாதிட்டவர் அவர். எனினும் பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சானது எங்கே தெரியுமா? அதே தரங்கம்பாடி அச்சகத்தில்! கொள்கையில் மாறுபட்டோரும் மக்கள் மொழியைக் கற்பதில் கைகோத்தனர்.

இவ்வரலாற்றை எண்ணியபின் எங்கள் விவாதம் தானே அடங்கிற்று. நேராய் நிற்கும் பெரிய தமிழெழுத்தில் அழைப்பை அச்சிட்டோம். கூட்டெழுத்தின் அழகை நாம் பழிக்கவில்லை. அதற்கென ஓர் ஓரத்தில் இடமும் தந்தோம். ஆனால் அழைப்புக்கு முதல் அழகு, அழைக்கப்பட்டவர் அதை வாசிப்பதே. வயல் வேலை முடிந்து வந்து, திண்ணையில் அமர்ந்து, பாட்டி ஒருவர் விரலால் தொட்டுத் தொட்டு அதைப் படித்தபோது, விழா அப்போதே தொடங்கிவிட்டதாக உணர்ந்தோம்.