காடர் மகளிரின் மூங்கிற் சீப்பு

ஆனைமலைத் தொடரில் வாழும் பழங்குடியினராகிய காடரிடையே, மகளிர் கூந்தலின் பின்புறத்தில் மூங்கிற் சீப்பினைச் செருகிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்னும் நூல் இதனைப் பதிவு செய்துள்ளது. சீப்பினை ஆடவனே செய்து, மணத்திற்குச் சற்று முன்னரோ மணச்சடங்கின் முடிவிலோ மணமகளுக்கு அளிப்பான். அழகிய சீப்புச் செய்வதில் இளைஞரிடையே போட்டியும் இருந்தது. ஒரு சீப்பில் கடிகார முகமே கீறப்பட்டிருந்ததாம்; காட்டு வாழ்வினர் வெளியுலகை அறியாதவர் என்னும் கருத்தினை இச்சிறு செய்தியே மறுத்துவிடுகின்றது. மலாயாத் தீபகற்பத்துச் செமாங் மக்களின் சீப்புகளோடு இவற்றை ஒப்பிட்டு இனவுறவு காண முயன்றனர் அக்கால அறிஞர் சிலர். கைவினைப் பொருளின் ஒப்புமை ஒன்றே இனவுறவுக்குச் சான்றாகாது.

மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டுவது பிறிதொன்று. தமிழில் மூங்கிலைச் செதுக்குவதும் சீவுதலே, கூந்தலை வாருவதும் சீவுதலே. அவ்வினையடியாகப் பிறந்த 'சீப்பு' இன்று பெரும்பாலும் வாரும் கருவியையே உணர்த்தும். காடர் சீப்போ அணியுமாகும், மணக்கொடையுமாகும். 'சீப்பு' எனப் பெயர்த்தால் சடங்கு மறையும். 'தலையணி' என்றால் கருவி மறையும். 'செருகுசீப்பு' என ஆளலாம். முதன்முறை வருமிடத்தில், அதனைச் செய்து தருபவன் மணமகனே என்பதையும் குறிப்பாகச் சேர்த்தல் வேண்டும்.